நடுப்பகல் தீயும் கல்லீரலின் கடிகாரமும்

ஆயுர்வேதம் என்றதும் லேகியம், தைலம், கஷாயம் என்றுதான் மனம் ஓடும். ஆனால் வாக்படர் என்ற பழங்கால மருத்துவர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலைப் புரட்டினால், மருந்துகளைப் பற்றிப் பேசுவதற்கு வெகு முன்பே, இரண்டாம் அத்தியாயத்திலேயே தினசர்யா வந்துவிடுகிறது. ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதுதான் அதன் பொருள். உடல்நலத்தோடு இருப்பவர் தன் ஆயுளைக் காத்துக்கொள்ள பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று அது தொடங்குகிறது. கவனியுங்கள், நோயாளிக்குச் சொன்னது அல்ல இது. நன்றாக இருப்பவருக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், ஆயுர்வேதத்தில் இன்றைய வாழ்க்கைக்கு மிகவும் தேவையான பகுதி இந்த நேரக் கணக்குதான்.

அந்தக் கணக்கு எளிமையானது. உடலை இயக்குபவை கபம், பித்தம், வாதம் என்ற மூன்று தோஷங்கள் என்கிறது ஆயுர்வேதம். பகலை மூன்றாகப் பிரித்தால் முதல் பகுதியில் கபம் ஓங்கும், நடுவில் பித்தம், கடைசியில் வாதம். இரவுக்கும் இதே வரிசை. பித்தம் ஓங்கும் நடுப்பகலில் வயிற்றுத்தீ, அதாவது அக்னி, நன்றாக எரிகிறது. ஆகவே நாளின் பெரிய சாப்பாடு அப்போது. இரவில் எளிதாக, கொஞ்சமாக.

உடலுக்குள் நேரம் ஓடுகிறது என்பதை நவீன அறிவியல் வேறு வழியில் வந்து கண்டுபிடித்தது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் டி மேரான், பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாவிட்டாலும் அது நேரம் தவறாமல் விரிந்தது, மூடியது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் இந்த நேரத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவை அடையாளம் கண்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. புரதம் மெல்லச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், தன்னைத் தயாரித்த மரபணுவையே நிறுத்திவிடுகிறது. அப்புறம் அந்தப் புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி விழித்துக்கொள்கிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது.

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து தலைமைக் கடிகாரமாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு இதன் சுற்று 24 மணியைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். விழித்திரையில் இதற்கென்றே தனி செல்கள் உண்டு. நீல ஒளி பட்டால் அவை நன்கு தூண்டப்படும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்குச் சுமார் 96 நிமிடம் முன்பு தொடங்குகிறது. அப்போது எழுபவருக்கு உதயத்தின் முதல் வெளிச்சம் தவறாது. ஆனால் நள்ளிரவு வரை போனைப் பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைப்பது இந்த விதியைப் பின்பற்றுவது ஆகாது. சீக்கிரம் படுத்தவருக்குத்தான் அந்த விதி.

இனி அக்னிக்கு வருவோம். கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை; கல்லீரல், கணையம், குடல் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று ஓடுகிறது. மூளைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது என்றால், கல்லீரல் கடிகாரம் பெரிதும் சாப்பாட்டைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. தினமும் இரவு பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் மூளை 'இரவு' என்கிறது, கல்லீரல் 'இன்னும் பகல்' என்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு நேரம். போதாக்குறைக்கு, இருட்டியபின் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. அதனால் அதே அளவு உணவைக் காலையில் சாப்பிடும்போது ஏறுவதைவிட, இரவில் சாப்பிடும்போது ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறுகிறது, இறங்கவும் நேரமாகிறது. இரைப்பை காலியாவதும் மாலைக்குப் பிறகு மெதுவாகிறது. 'ராத்திரியில் தீ மந்தம்' என்று அந்தக் காலத்தில் சொன்னது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காக, வாத பித்த கபத்தை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பித்தம் என்று எந்த ஒரு பொருளையும் ஆய்வகத்தில் அளக்க முடியாது. தவிர, ஆயுர்வேதம் நடுப்பகலைச் சொல்கிறது. இன்சுலின் பற்றிய ஆய்வுகளோ காலைப் பொழுதுக்கே அதிக மதிப்பெண் தருகின்றன. இரண்டும் உறுதியாக ஒத்துப்போகும் இடம், இரவு வெகுநேரம் கழித்துக் கனமாகச் சாப்பிடக் கூடாது என்பதுதான். அந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பெரிய விஷயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் பேசாமல் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

சரி, இரவுப் பணிக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? செவிலியர், காவலர், ஓட்டுநர், வெளிநாட்டு நேரத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர்கள், இவர்களிடம் போய் விடியலில் எழுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவ்வளவு தீவிரமான விஷயம் இது. பகல் தூக்கம் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லும் ஆயுர்வேதம், இவர்களை விட்டுவிடவில்லை. இரவு குறுகும் கோடையில் எல்லோருக்கும் பகல் தூக்கத்தை அனுமதிக்கும் பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர், கண்விழித்துக் களைத்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் அனுமதிக்கிறார். வாக்படர் இன்னும் துல்லியமாகச் சொல்கிறார்: பழக்கமில்லாமல் இரவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்களோ, அதில் பாதி நேரம் மறுநாள் காலையில் தூங்குங்கள், சாப்பிடுவதற்கு முன்பே.