செம்மறியின் நாடாப்புழுவும் பட்டி நாயும்

மழை ஓய்ந்து, குட்டிகள் மேய்ச்சலுக்குப் பழகும் நாட்களில் கால்நடை மருந்தகத்துக்கு வருகிற ஆடு வளர்ப்போர் பலரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "குட்டி புழுக்கை போடும்போது வெள்ளையாக நாடா தொங்குகிறது, டாக்டர்." சிலர் அதைக் காகிதத்தில் மடித்தே கொண்டுவருவார்கள். கண்ணுக்குத் தெரிகிற புழு என்பதால் பயமும் அதிகம். ஆனால் கறிக்காகச் செம்மறி வளர்ப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டிய நாடாப்புழு புழுக்கையில் வருவதே இல்லை. அது ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் நீர்க்கட்டியாக உட்கார்ந்திருக்கும். வளர்ந்த புழுவோ பட்டியைக் காக்கும் நாயின் குடலில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற புழுவை முதலில் பார்த்துவிடலாம். அதன் பெயர் மொனீசியா. ஆட்டின் சிறுகுடலில் பல மீட்டர் நீளத்துக்கு வளரும். அதன் கணுக்கள் அறுந்து, நொய்யரிசி போலப் புழுக்கையில் ஒட்டிக்கொண்டு வெளியேறும். முட்டைகளை மண்ணில் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன்கள் தின்னும். அவற்றின் உடலுக்குள் புழு சில மாதங்கள் வளரும். ஈரமும் மங்கிய வெளிச்சமும் இருக்கும் அதிகாலையிலும் அந்தியிலும் இந்தப் பேன்கள் புல்லின் மேல் ஏறும். புல்லோடு அவற்றையும் சேர்த்துத் தின்ற குட்டியின் குடலில் ஏறத்தாழ ஆறு வாரத்தில் புழு முழு வளர்ச்சி பெற்றுவிடும். பனி காய்ந்த பிறகு பட்டியைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். கண்மாய்க் கரையில் ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் மேய்கிற மந்தையில் இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளிடம்தான் மொனீசியா மிகுதியாகக் காணப்படும். வயது ஏற ஏற ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். நன்றாகத் தின்கிற குட்டியில் இரண்டொரு புழுக்கள் இருந்தால் எடை பெரிதாகக் குறையாது. தாய்ப்பால் போதாத, மெலிந்த குட்டியின் குடலில் புழு மண்டினால் வயிறு பானையாகும், கழிச்சல் வரும், வளர்ச்சி நின்றுவிடும். அரிதாகக் குடலே அடைத்துக்கொள்வதும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. குட்டி இளைக்கிறது, தாடைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது, கண்ணின் உள்இமை வெளுத்திருக்கிறது என்றால் நாடாப்புழுவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அது பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் என்ற உருண்டைப்புழுவின் வேலை. அது நான்காம் இரைப்பையில் இருப்பதால் புழுக்கையில் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற புழுவுக்கு மட்டும் மருந்து ஊற்றிவிட்டு, தெரியாத புழுவால் குட்டிகளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு குட்டிகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தப் புழு என்று தெரிந்துவிடும்.

மருந்துக் கடையில் 'பூச்சி மருந்து' என்று கேட்டு வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. ஐவர்மெக்டினும் லெவாமிசோலும் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் கேட்கும், ஆனால் நாடாப்புழுவுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மில்லிகிராம் வேண்டும். 15 கிலோ குட்டிக்கு 150 மில்லிகிராம், 2.5 சதவீதக் கரைசலில் அது 6 மில்லி. 10 சதவீதக் கரைசலும் கடையில் கிடைக்கிறது. அதிலும் அதே 6 மில்லியை ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். புட்டியின் லேபிளைப் படிக்காமல் ஊற்றவே ஊற்றாதீர்கள். கிடாயோடு சேர்ந்து ஒரு மாதம் ஆகாத பெட்டைக்கு அல்பெண்டசோல் கூடாது, கரு பாதிக்கப்படும். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்தால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மருந்து கொடுத்த ஆட்டைக் கறிக்கு விற்பதற்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் லேபிளிலோ மருத்துவரிடமோ தெரிந்துகொள்ளுங்கள். வாங்கித் தின்னப் போவது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.

இனி நாய்க்கு வருவோம்.

நாயின் குடலில் வாழும் சில நாடாப்புழுக்களுக்கு இளமைப் பருவத்தைக் கழிக்க ஆடு வேண்டும். நாயின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கின்றன, ஆடு அவற்றை விழுங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் கரு குடலைத் துளைத்து இரத்தத்தில் ஏறித் தனக்குரிய உறுப்பில் தங்கி நீர்க்கட்டியாகிறது. அந்த உறுப்பை நாய் பச்சையாகத் தின்றால் கட்டிக்குள் இருக்கும் தலைகள் ஒவ்வொன்றும் ஒரு புழுவாகிவிடும். ஆடும் நாயும் சேர்ந்து வாழ்கிற இடமெல்லாம் இந்தச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது.

டீனியா மல்டிசெப்ஸ் என்ற புழுவின் கட்டி மூளையில் தங்கும். ஆடு மந்தையை விட்டு விலகும், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரே திசையில் சுற்றும், ஒரு கண் பார்வை போகும், வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டையை விழுங்கிச் சில மாதங்கள் கழித்தே இதெல்லாம் தெரியவரும். சில ஆடுகளில் கட்டி இருக்கும் இடத்தில் மண்டையோடு அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மெலிந்துவிடும். அப்போது அறுவை செய்து கட்டியை எடுத்துவிட முடியும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. "இது தேறாது" என்று அறுத்துவிடுகிறார்கள். தலையைச் சமைக்க மனம் வராமல் நாய்க்கு எறிந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுக் குட்டிகள் சுற்றப் போவது அன்றைக்கே உறுதியாகிவிடுகிறது.

இன்னொன்று எக்கினோகாக்கஸ். நாயின் குடலில் இருக்கும் இந்தப் புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. இத்தனை சிறிய புழுவின் கட்டி ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் வளரும். இது மனிதருக்கும் வருகிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அப்படியானால் ஆட்டுக்கறி தின்னலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். தின்னலாம். ஆட்டின் கட்டியைத் தின்பதால் இந்த நோய் மனிதருக்கு வராது. நாயின் மலத்தில் இருக்கும் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். நாயின் ரோமத்தில் முட்டை ஒட்டியிருக்கும். அதைக் கொஞ்சிய கையோடு சாப்பிடும் குழந்தைக்கும், கழுவாத கீரையைத் தின்பவருக்கும் ஆபத்து உண்டு. மனித உடலில் கட்டி ஓசையில்லாமல் பல ஆண்டுகள் வளரும். பெரும்பாலும் ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில். உள்ளேயே உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம்.

கட்டி வளரக் காலம் பிடிக்கும். ஓராண்டுக்குள் கறிக்குப் போகும் கிடாக்குட்டியில் பெரிய கட்டிகள் அரிது. பல ஈற்று ஈன்று கழித்துக்கட்டிய கிழட்டுப் பெட்டையில்தான் முற்றிய கட்டிகள் இருக்கும். அந்த ஆடு மருத்துவர் சோதிக்கும் அறுவைக்கூடத்துக்குப் போவதில்லை. ஊரிலேயே, வேப்பமரத்தடியில் அறுபடுகிறது. கோயில் கிடாவெட்டிலும் வீட்டு விசேஷத்திலும் கத்தி எடுக்கும் முன்பே நாய்கள் வட்டமிட்டு உட்கார்ந்திருக்கும். கட்டி இருக்கும் ஈரல் துண்டை அறுத்து அவற்றின் பக்கம் வீசுவது அத்தனை இயல்பான பழக்கம். நான் கெஞ்சிக் கேட்பது அந்த ஒரு வீச்சை நிறுத்துங்கள் என்பதுதான்.

குடல் கொழுப்பில் தொங்கும் மெல்லிய நீர்க்கொப்புளத்தைக் கறிக்கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அது வேறொரு நாய்ப்புழுவின் கட்டி, மனிதரைத் தாக்காது. ஆனாலும் எது எந்தக் கட்டி என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றுபோல நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது எரியுங்கள். நாய்க்குக் கழிவு ஈரல் போட்டே தீர வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்துப் போடுங்கள்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டில் அங்கே மக்களிடையே இந்தக் கட்டிநோய் பரவிக் கிடந்தது. 1863இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். புழு எப்படிப் பரவுகிறது என்று விளக்கும் சிறு நூல் வீடுகளுக்கு வழங்கப்பட்டது. கழிவை நாய்க்குப் போடாமலிருப்பதும் நாய்க்கு மருந்து கொடுப்பதும் சட்டத்தாலும் பழக்கத்தாலும் நிலைபெற்றன. நோய் அந்த நாட்டை விட்டே போய்விட்டது. ஆடுகள் நிறைந்த நியூசிலாந்தும் 2002இல் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது.

பட்டி நாய்க்குப் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுங்கள். 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம். கழிவு தின்னும் வாய்ப்புள்ள நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொற்றிய எக்கினோகாக்கஸ் ஏறத்தாழ அதே காலத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மருந்து கொடுத்த நாயை இரண்டு நாள் கட்டி வையுங்கள். அதன் மலத்தை வெறுங்கையால் தொடாமல் அள்ளி எரித்துவிடுங்கள். பினாயில் ஊற்றினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அந்த முட்டை பினாயிலுக்குச் சாகாது, தீயில்தான் சாகும்.