நாணயம் கூடுதலாகச் சுற்றும் அந்த ஒரு சுற்று

ஒரே அளவுள்ள இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை மேசைமேல் படுக்கவைத்து, விளிம்போடு விளிம்பு தொடும்படி, ஒன்றுக்கு மேல்பக்கம் மற்றொன்றாக (அடுக்காமல்) வையுங்கள். (பழைய ஒரு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்ததின் விட்டம் 22 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.) கீழே இருப்பதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பதை அதன் விளிம்பையொட்டி வழுக்காமல் உருட்டி, ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவாருங்கள். உருண்ட நாணயம் தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்?

கேட்டவுடன் வரும் பதில் “ஒன்று”. இரண்டின் சுற்றளவும் சமம், ஆகவே ஒரு சுற்றுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உருட்டிப் பார்த்தால் இரண்டு சுற்று வருகிறது. சிங்கத் தலைகள் நிமிர்ந்து நிற்கும்படி வைத்துத் தொடங்கினால், நாணயம் பாதி வழி வந்து மற்றதின் நேர்கீழே நிற்கும்போதே சிங்கங்கள் மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். பாதி வழிக்குள் ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது அந்த இன்னொரு சுற்று? விளிம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு மையத்தைப் பார்க்க வேண்டும். நாணயத்தின் ஆரம் ஒரு அலகு என்று கொள்வோம். அதன் மையம், கீழே கிடக்கும் நாணயத்தின் மையத்திலிருந்து எப்போதும் இரண்டு அலகு தூரத்தில் இருக்கிறது. ஆகவே அது போடும் வட்டத்தின் ஆரம் இரண்டு. கடக்கும் தூரம் நாணயச் சுற்றளவைப்போல் இரு மடங்கு. வழுக்காமல் உருளும் வட்டம் ஒரு முறை சுழன்றால் அதன் மையம் ஒரு சுற்றளவு தூரம் நகரும். இரண்டு சுற்றளவு நகர்ந்ததால் இரண்டு சுழற்சி.

மையத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தனிமரியாதை என்று கேட்பவர்கள் சைக்கிள் சக்கரத்தைக் கவனிக்கலாம். ஓடும் சைக்கிளில் தரையைத் தொடும் புள்ளி, தொடும் அந்தக் கணத்தில், நகர்வதே இல்லை. நகர்ந்தால் அதற்கு வழுக்கல் என்று பெயர். அந்தக் கணத்தில் சக்கரம் முழுவதும் அசையாத அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்புகிறது. மையம் அதிலிருந்து ஓர் ஆரம் தள்ளி இருப்பதால் சைக்கிளின் வேகத்தில் போகிறது. உச்சிப் புள்ளி இரண்டு ஆரம் தள்ளி இருப்பதால் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று புகைப்படம் எடுத்தால், மேல் பாதியிலுள்ள ஆரக்கம்பிகள் கலங்கியும் கீழே உள்ளவை ஓரளவு தெளிவாகவும் விழும். ரயில் சக்கரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்டவாளத்தின் உட்பக்கம், தண்டவாள மட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்கும் ஒரு விளிம்பு அதற்கு உண்டு. அசையாத புள்ளிக்கும் கீழே இருப்பதால், அந்த விளிம்பின் அடிப்பகுதி பின்னோக்கி நகர்கிறது. சென்னைக்கு விரையும் ரயிலின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு பகுதி எப்போதும் சென்னையை விட்டு விலகிக்கொண்டே இருக்கிறது!

தரை சமமாக இருந்தாலும் வளைந்திருந்தாலும் இந்தத் தர்க்கம் மாறாது. ஆகவே நிற்கும் வட்டம் உருளும் வட்டத்தைவிட எத்தனை மடங்கு பெரியதோ அத்தனை சுற்று, அதோடு ஒன்று. மூன்று மடங்கு பெரிய வட்டத்தைச் சுற்றி வந்தால் நான்கு சுற்று. உள்பக்கமாக உருண்டால் மையத்தின் பாதை சுருங்கிவிடுவதால் ஒன்றைக் கழிக்க வேண்டும்: மூன்று மடங்கு வளையத்துக்குள் இரண்டே சுற்று.

இந்த “மூன்று மடங்கு” கணக்கு ஒரு பெரிய தேர்வையே தடுமாற வைத்திருக்கிறது. 1982 மே மாதம் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் இதையே கேட்டார்கள். கொடுத்திருந்த ஐந்து விடைகளில் நான்கு என்பது இல்லவே இல்லை; தேர்வை அமைத்தவர்கள் மூன்று என்று நினைத்துவிட்டார்கள். சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வில் மூன்றே மாணவர்கள் தவறைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று. சரியான விடை தாளிலேயே இல்லாதபோது அச்சடித்த ஐந்தையும் நம்பாமல் தங்கள் கணக்கை நம்பிய அந்த மூவரின் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கூடுதல் சுற்றுக்கு வட்டம்கூடத் தேவையில்லை. நாணயத்தை ஒரு புத்தகத்தின் நான்கு ஓரங்களையும் ஒட்டி உருட்டுங்கள். நேரான ஓரங்களில் நீளத்துக்கு ஏற்ற சுற்றுகள்தான். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நாணயம் கால் சுற்று திரும்பியாக வேண்டும். நான்கு மூலைக்கும் சேர்த்து ஒரு முழுச் சுற்று. புத்தகம் பெரிதோ சிறிதோ, அது ஒன்றுதான். ஓட்டப் பந்தயத் திடலிலும் இதே கணக்குதான் நடக்கிறது. 400 மீட்டர் ஓடுகளத்தில் ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் தடத்திலிருந்து வெளியே போகப் போக, ஒவ்வொரு தடத்திலும் ஒரு சுற்று சுமார் 7.67 மீட்டர் கூடுகிறது, 1.22-ஐ 2π-யால் பெருக்கினால் வருவது அது. அதை ஈடுகட்டத்தான் வீரர்களைப் படிப்படியாக முன்னே தள்ளி நிறுத்துகிறார்கள். திடல் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தக் கூடுதலில் பங்கே இல்லை.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வானத்தில் இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் அதே திசையில் சுற்றி வருகிறது. ஓர் ஆண்டில் நாம் காண்பது சுமார் 365.24 பகல் இரவுகள். அது சூரியனை நோக்கி எத்தனை முறை திரும்பினோம் என்ற எண்ணிக்கை. நாணயத்தில், விளிம்பை விளிம்போடு ஒப்பிட்டுச் சொன்ன முதல் பதிலுக்குச் சமமானது. விண்மீன்களை வைத்து எண்ணினால் பூமி 366.24 முறை சுழன்றிருக்கிறது. சூரியனைச் சுற்றி வந்ததே அந்த ஒன்றைச் சேர்த்துவிட்டது.

ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் இந்தக் கழித்தல் அப்படியே இருக்கிறது. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் பூமி 1,58,22,37,500 முறை சுழல்கிறது என்கிறார் அவர். அதிலிருந்து ஆண்டுகளின் எண்ணிக்கையை, அதாவது ஆண்டுக்கு ஒரு சுற்று வீதம், கழித்தால் கிடைக்கும் 1,57,79,17,500 என்பதே யுகத்தின் நாள்கணக்கு. இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால், விண்மீன்களை வைத்துப் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி ஆகும் என்று வருகிறது. இன்றைய அளவீட்டிலும் அது ஏறக்குறைய 4.1 விநாடிதான்.