இளைப்புக்கு இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) நிறுத்திவிட்டு மஞ்சள்கிழங்குச் சத்துக் கெப்சியூல் விழுங்குகிறவர்களுக்கு

தலவாக்கலை, ஹட்டன் பக்கம் மழையும் குளிரும் தொடங்கினால் பம்பை நிறுத்திவிட்டு மூச்சுத் திணறி எங்கள் கிளினிக்குக்கு வருவது வழக்கமாகிவிட்டது, இந்தக் கிழமையும் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய அம்மா. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) விறகடுப்புப் புகையிலேயே காலத்தைக் கழித்தவர். உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு வசனத்தை முடிக்க மூச்சில்லை. "பம்ப் எங்கே அம்மா?" என்று கேட்டால், "அது ஸ்டீரொய்டாம் ஐயா, உடம்பைக் கெடுக்குமாம். நெஞ்சுப் புண்ணுக்கு இதுதான் நல்லதுன்னு மகன் வாங்கித் தந்தான்" என்று பையிலிருந்து மஞ்சள் கெப்சியூல் போத்தலை எடுத்துக் காட்டுகிறார். இதில் கொடுமை, அவர் நிறுத்திய இரண்டு பம்பில் நீல நிறத்தில் இருந்த சல்பியூட்டமோலில் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) ஸ்டீரொய்டே கிடையாது.

ஸ்டீரொய்ட் என்றதும் பயப்படுகிறீர்களே, கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஸ்டீரொய்ட் பம்பில் ஒரு இழுப்புக்கு வருவது 100, 200 மைக்ரோகிராம் அளவுதான். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை ஒன்றே 5 மில்லிகிராம், மூச்சு முற்றி வார்டில் சேர்ந்தால் நாளுக்கு 30, 40 மில்லிகிராம் தர வேண்டி வரும். இரண்டு மருந்துக்கும் வீரியம் ஒன்றல்ல, ஆனாலும் பம்ப் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. சின்ன அளவுக்குப் பயந்து பம்பை விட்டவர்கள்தான் கடைசியில் பெரிய அளவை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். வாயில் புண் வருமென்று பயமா? இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

சரி, மஞ்சள். கறியில் போடுங்கள், கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கெப்சியூல் வேறு விஷயம். மஞ்சளின் சத்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் பல கம்பனிகள் மிளகுச் சத்தையும் சேர்க்கின்றன. அந்த மிளகுச் சத்து, இளைப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், அப்புறம் வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களுக்கு மஞ்சள் கெப்சியூலால் இரத்தக்கசிவு வரலாம். அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். சல்பியூட்டமோலும் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்துதான், இரண்டும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

எனக்கு அதிகம் பயம் தருவது பெயர் விபரம் இல்லாத பொட்டலத் தூள். இரண்டே நாளில் இளைப்பு பறந்துபோய், பசி எடுத்து, முகம் உப்பினால் அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். பம்புக்குப் பயந்து ஓடியவர் அளவே தெரியாத ஸ்டீரொய்டை வாயால் விழுங்குகிறார்! மாதக்கணக்கில் குடித்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, ஆபத்து. தூளோடு கிளினிக்குக்கு வாருங்கள்.

பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள், பரவாயில்லை. அவருக்கும் எங்களுக்கும் எல்லா மருந்தையும் காட்டுங்கள், ஏச மாட்டோம். பிள்ளைகளே, அம்மா அப்பாவின் பம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேச மூச்சு வராமல், உதடு நீலமானால் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை நீலப் பம்பைக் கொடுங்கள்.