ஃபேர்கிரவுண்ட் கைமாறும்போது எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் பொதுநிலக் குத்தகைகளையும் வாடகை ஒப்பந்தங்களையும் படித்து, சிறு அமைப்புகளுக்கு விளக்கிச் சொல்வது என் தொழில். பொங்கல் விழாவுக்கு மண்டபம் தேடும் தமிழ்ச் சங்கத்தாரும் வருவார்கள். ஆடு வளர்த்து ஆண்டுப் பொருட்காட்சியில் காட்டும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் வருவார்கள். ஊர் ஃபேர்கிரவுண்டை, அதாவது ஆண்டுப் பொருட்காட்சியான ஃபேர் நடக்கும் திடலை, கவுன்ட்டி (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சி) இனி நடத்தாது, மாநில அரசிடம் ஒப்படைக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது நல்லதா, கெட்டதா?"

அதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. நிலம் யார் பேரில் இருக்கிறது, நிர்வாகம் யார் கையில், கூரை ஒழுகினால் யார் பணம் போட வேண்டும் என்பவை மூன்று தனித்தனி விஷயங்கள். கவுன்ட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் "நிர்வாக மாற்றம்" என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். அந்த வரிக்குள் மூன்றில் எதெது போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

இங்கே ஃபேர்கிரவுண்டுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில கவுன்ட்டிக்குச் சொந்தம். சில மாநிலத்துக்கு. சிலவற்றில் நிலம் நகராட்சியுடையது, நடத்துவது மாநில அமைப்பு. அந்த அமைப்புக்கு மாவட்ட வேளாண் சங்கம் என்று பெயர். 1880-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். பெயரைக் கேட்டால் ஊர் விவசாயிகள் சங்கம் மாதிரி இருக்கும். ஆனால் அது முழுக்க மாநில அரசின் அங்கம். வாரியத்தில் ஒன்பது பேர். அவர்களை நியமிப்பவர் ஆளுநர்.

மாநிலம் இதற்குள் இவ்வளவு ஆழமாக வந்ததற்குக் காரணம் குதிரைப் பந்தயம். 1933-ல் பந்தயத்தில் பணம் கட்டுவது சட்டபூர்வமானது. அதில் மாநிலத்துக்குக் கிடைத்த பங்கிலிருந்து ஃபேர்களுக்கு நிதி போனது. பணம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து வரும்வரை, நிர்வாகம் எங்கே இருக்கிறது என்பது பெரிய கவலையாக இருந்திருக்காது. பிறகு பந்தய வருமானம் வற்றியது. 2009-ல் அதற்குப் பதிலாகப் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு 3.2 கோடி டாலர் என்று மாற்றினார்கள். 2011-ல், பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது, அதையும் நிறுத்திவிட்டார்கள். 2018 முதல், திடல்களுக்குள் நடக்கும் விற்பனையில் முக்கால் சதவீதத்துக்கு ஈடான வரிப்பணம் ஃபேர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தள்ளிப்போட்ட கூரை வேலையும் மின்கம்பி வேலையும் தள்ளிப்போட்டபடியே நிற்கும். "மாநிலத்திடம் போனால் பணம் வரும்" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

நிலமும் சேர்ந்து மாநிலத்தின் பேரில் இருந்தால் என்ன ஆகலாம் என்பதற்கு ஆரஞ்சு கவுன்ட்டியைப் பார்க்க வேண்டும். கோஸ்டா மேசா நகரில், பழைய ராணுவ விமானத் தளம் இருந்த இடத்தில், சுமார் 150 ஏக்கர். 2009-ல் மாநிலத்தின் பற்றாக்குறையை அடைக்க அந்தத் திடலை விற்கலாம் என்று சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. 2010 ஜனவரியில் ஏலம். அதிகபட்சக் கேள்வி 5.65 கோடி டாலர். போதாது என்று அரசு ஏற்கவில்லை. பிறகு 10 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்துடன் பேசி முடித்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், அங்கே விற்பனை தடைபட்டது. 2011-ல் ஆளுநர் ஜெரி பிரவுனின் அரசு விற்கும் திட்டத்தையே கைவிட்டது. இன்றும் அங்கே கோடைக்காலத்தில் ஃபேர் நடக்கிறது. இவ்வளவு பாடும் பட்டது, அந்த ஊர் உருவாக்காத ஒரு கடனுக்காக. நிலப் பத்திரத்தில் "பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றோ, "வேறு பயனுக்கு மாற்றினால் நிலம் கவுன்ட்டிக்கே திரும்பும்" என்றோ ஒரு வரி இருந்தால் இந்தக் கதை எவ்வளவு மாறியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அந்த மாதிரிப் பிடிமானம் கையில் இருந்த ஊர் பெட்டலூமா. ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட அந்தத் திடல் நகராட்சிக்குச் சொந்தம். ஆனால் நான்காவது மாவட்ட வேளாண் சங்கத்துக்கு, அதாவது மாநிலத்துக்கு, ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் ஐம்பதாண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகை 2023 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதற்கு முன்பே, 2022-ல், குலுக்கல் முறையில் ஊர்மக்களைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைத்து, இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று நகராட்சி கேட்டது. குத்தகை முடிந்ததும் திடலை நகராட்சியே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு டாலர் வாடகையைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது முடிவுத் தேதி. அந்தத் தேதி இருந்ததால்தான் ஊர் மறுபடியும் உட்கார்ந்து பேச முடிந்தது. குத்தகையாக மட்டும் கொடுங்கள், பத்திரத்தை மாற்றிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வாடகைக்கு எடுப்பவருக்கு என்ன மாறும்? பெரும்பாலும் முதல் அடி விழுவது காப்பீட்டுச் சான்றிதழில்தான். மாநில அமைப்பு நடத்தும் திடலில் நிகழ்ச்சி நடத்தினால், உங்கள் காப்பீட்டில் உங்களோடு சேர்த்துப் பாதுகாப்புப் பெறுவோராக எழுத வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று ஒப்பந்தத்தோடு வரும்: கலிஃபோர்னியா மாநிலம், ஃபேர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம், அந்த மாவட்ட வேளாண் சங்கம், அது இருக்கும் கவுன்ட்டி, இவற்றின் இயக்குநர்கள், அலுவலர்கள், முகவர்கள், ஊழியர்கள் என்று ஒரே நீண்ட வாக்கியம். அது அப்படியே இருக்க வேண்டும். சுருக்கினால் ஏற்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு நடனப் பள்ளி கவுன்ட்டியின் பெயரை மட்டும் போட்ட சான்றிதழை வைத்திருந்தது. அரங்கேற்றத்துக்குச் சில நாள்தான் இருந்தது. திடல் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. காப்பீட்டு முகவரைப் பிடித்துப் புதுச் சான்றிதழ் வாங்குவதற்குள் அந்த ஆசிரியை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிர்வாகம் மாறும் ஆண்டில் முன்பதிவு வைத்திருப்பவர்கள், பழைய முன்பணத்தைப் புது நிர்வாகம் ஏற்கிறதா என்பதை எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

யாரிடம் போய்க் கேட்பது என்பதும் மாறுகிறது. கவுன்ட்டி என்றால் அதை நடத்துவது பொதுவாக மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து மேற்பார்வையாளர்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். வேளாண் சங்க வாரியத்தில் உங்கள் ஊர்க்காரர்களே உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அவர்களை நீங்கள் மாற்ற முடியாது. மாநிலத்தின் நிலத்தை நகராட்சியின் நிலப்பயன்பாட்டு விதிகளும் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. மாநில முறையில் ஒரு நன்மையும் உண்டு. உள்ளாட்சி அமைப்பு வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன் ஒட்டினால் போதும். மாநில அமைப்பு பத்து நாள் முன்னதாக வெளியிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பத்து நாள் பெரிய விஷயம்.

அப்புறம் காட்டுத்தீ. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்தபோது கிரிட்லியிலும் சிக்கோவிலும் இருக்கும் ஃபேர்கிரவுண்டுகள்தான் வீடிழந்தவர்களுக்குக் கூரை கொடுத்தன. குதிரையையும் மாட்டையும் கட்ட இடம், ஆயிரக்கணக்கில் வண்டி நிறுத்த இடம், பெரிய சமையலறை எல்லாம் ஒரே வளாகத்தில் வேறெங்கே கிடைக்கும்? நெருக்கடியில் திடலைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு, பிறகு சேதத்துக்கு யார் செலவு செய்வது என்ற இரண்டும் நிர்வாக மாற்றத்துக்கான ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இதில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் வர மாட்டேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சு வந்தால், கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கவுன்ட்டிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வழக்கறிஞர் தேவையில்லை, காரணமும் சொல்ல வேண்டாம். நிலத்தின் மூலப்பத்திரம், நடப்பில் உள்ள குத்தகை, தள்ளிப்போடப்பட்ட பழுதுகளின் மதிப்பீடு, நிர்வாக மாற்ற ஒப்பந்தத்தின் வரைவு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆவணத்தைக் கொடுக்க முடியுமா முடியாதா என்று பத்து நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். சில நேரங்களில் இன்னும் பதினான்கு நாள் நீட்டிக்கலாம். ஆகவே கவுன்ட்டிக் கூட்டத்தில் நடக்கும் வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.