மணி என்ன என்று கேட்டால் வாலாட்டும் மணி

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் யாராவது "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டால், கேட்டவர் கடிகாரத்தைத் தேடுவதற்குள் எங்கள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிடும். தெருவில் பிறந்து குட்டியாக எங்களிடம் வந்த நாட்டு நாய்க்கு, என் மாமியார் அதிகம் யோசிக்காமல் வைத்த பெயர் மணி. "மணிக்கணக்கா போன்ல பேசுறா" என்று அடுக்களையிலிருந்து என்னைப் பற்றிப் புகார் எழுந்தாலும் அதற்கு ஒரு காது திரும்பும். பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று பெருமைப்படுவதா, பேச்சு துளியும் புரியவில்லை என்று ஒப்புக்கொள்வதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் நெடுநாளாக நடக்கிறது. இரு கட்சிக்கும் ஆய்வுலகில் சாட்சிகள் உண்டு.

பெயர் விஷயத்தில் நாய்க்குச் சாதகமான சாட்சி வலுவானது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னணியில் பலர் பேசும் இரைச்சல் பெயர் சொல்லும் குரலுக்குச் சமமாக உரத்து ஒலித்தபோதும், நாய்கள் தம் பெயரை அதே ஓசையமைப்புள்ள வேறொரு பெயரிலிருந்து பிரித்தறிந்தன. இடைவெளியின்றி ஓடும் பேச்சில், அடிக்கடி சேர்ந்தே வரும் அசைகளை ஒரு துண்டாக நாயின் மூளை வெட்டியெடுக்கிறது என்பதைப் புடாபெஸ்ட் நகரின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகக் குழு 2021-இல் காட்டியது. பேசக் கற்கும் மனிதக் குழந்தையும் ஏறத்தாழ இப்படித்தான் சொற்களைப் பொறுக்குகிறது. 'மணிக்கணக்கா' என்பதற்குள்ளிருந்து எங்கள் மணி தன் இரண்டு அசையை எடுத்துக்கொள்வதை இந்தத் திறனின் விளைவாகவே நான் பார்க்கிறேன். அதற்கு அப்பால் உள்ள 'கணக்கா' அதற்குத் தேவையில்லை.

பெயரைத் தாண்டி, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியுமா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தத் துறையில் எல்லோருக்கும் எச்சரிக்கையாக நிற்பது ஒரு குதிரை. 1904-இல் பெர்லின் நகரையே வியக்கவைத்த ஹான்ஸ் என்ற அந்தக் குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் சரியான எண்ணிக்கையில் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்து, கேட்பவருக்கே விடை தெரியாதபோதோ, குதிரையின் பார்வையில் அவர் படாதபோதோ அதன் கணக்கறிவு மாயமாகிவிடுவதைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் இம்மியளவு அசையும். குதிரை படித்தது அந்த அசைவைத்தான். உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர், அவரும் நம்பினார் என்பதே இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

நாமும் அப்படித்தான். "வெளியே போலாமா?" என்று நான் கேட்கும்போது என் கை ஏற்கனவே கதவுக்குப் பின்னால் தொங்கும் சங்கிலியை நோக்கிப் போயிருக்கும், கண் செருப்பைத் தேடும், குரலும் ஒரு படி ஏறியிருக்கும். ஒருநாள் அடுத்த அறையில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, செய்தி வாசிப்பவரைப் போல "வெளியே போகலாம்" என்று சொன்னேன். மணி தலையைத் தூக்கியது, எழவில்லை. பிறகு குதூகலக் குரலில் "வெங்காயம் போடலாமா?" என்றேன். வாசலுக்கே ஓடிவிட்டது.

குரலும் சொல்லும் மூளையில் எப்படிச் சேர்கின்றன என்பதை அதே புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆட்டிலா ஆண்டிச் குழுவினர் 2016-இல் ஆராய்ந்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிய 13 நாய்களுக்கு, பாராட்டுச் சொற்களையும் நாய்க்கு எதையும் உணர்த்தாத இணைப்புச் சொற்களையும், கொஞ்சும் தொனியில் ஒருமுறையும் உணர்ச்சியற்ற தொனியில் ஒருமுறையும் ஒலிக்கவிட்டார்கள். தெரிந்த சொல்லை மூளை தொனியைச் சாராமல் அடையாளம் கண்டது. ஆனால் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்கு விழித்தது, பாராட்டுச் சொல் பாராட்டும் தொனியிலேயே வந்தபோது மட்டும்தான். மணி தலையைத் தூக்கியும் எழாமல் இருந்ததற்கு இதில் விளக்கம் இருக்கலாம்.

பொருட்பெயர்களைக் கற்பதில் பார்டர் காலி இன நாய்கள் சில நம்ப முடியாத உயரத்துக்குப் போயிருக்கின்றன. ஜெர்மனியின் ரீக்கோ 200-க்கு மேற்பட்ட பொருள்களைப் பெயரறிந்து எடுத்துவந்தது 2004-இல் பதிவானது. 2011-இல் அமெரிக்காவின் சேசர் 1022 பொம்மைகளின் பெயரை அறிந்திருந்ததாக ஜான் பில்லி எழுதினார். அவருக்கு அதற்கு மூன்றாண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. இவை விதிவிலக்கு நாய்கள். இவற்றை வைத்து வீட்டு நாயை எடைபோடுவது, ராமானுஜனை வைத்து நம் கணக்கு மதிப்பெண்ணை எடைபோடுவது போன்றது. கனடாவில் 165 உரிமையாளர்களிடம் கேட்டு 2022-இல் வெளியான கணக்கெடுப்பில் சராசரி 89 சொற்கள் என வந்தது. அது வளர்ப்பவர்களே சொன்ன கணக்கு என்பதால் நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும், சாதாரண நாயையும் குறைத்து மதிப்பிட முடியாதபடி 2024-இல் ஒரு முடிவு வந்தது. உரிமையாளர் 'பந்து' என்று சொல்லிவிட்டு வேறு பொருளைக் காட்டினால், தலையில் ஒட்டிய மின்முனைகளில் பதிவாகும் மூளை அலை, பந்தையே காட்டும்போது வருவதிலிருந்து மாறுபட்டது. அதாவது சொல் காதில் விழுந்ததுமே பொருளைப் பற்றிய ஓர் எதிர்பார்ப்பு உள்ளே உருவாகிவிடுகிறது.

ஆனால் நாயின் காது சொல்லைத் துல்லியமாக நிறுத்துப் பார்ப்பதில்லை. தெரிந்த சொல்லில் ஒரே ஒலியை மாற்றி, 'உட்கார்' என்பதை 'உட்கோர்' ஆக்குவதைப் போன்ற போலிச் சொற்களை 2020-இல் ஒலிக்கவிட்டபோது, மூளை அவற்றை உண்மைச் சொல்லிலிருந்து பிரிக்கவில்லை. முற்றிலும் வேறான போலிச் சொற்களை மட்டுமே அது விலக்கியது.

பெங்களூருத் தமிழ் வீட்டுக்கு இது ஒரு வசதி. என் மகள் மணியை "வாடா" என்பாள், மாமியார் "வாப்பா" என்பார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில், 'பாரதி'யில் வரும் ஒலியோடு, "பா, பா" என்பார். இலக்கணம் படித்தவருக்கு இவை இரண்டு மொழிகள். மணிக்கு, உதடு குவியாமல் வரும் ஒரே 'ஆ' ஓசையாக இருந்தால் வியப்பில்லை. சிக்கல் 'வந்துரு', 'வரியா', 'வரமாட்டியா' என்று வினைச்சொல் உருமாறும்போது வருகிறது. தமிழ் வீடுகளிலும் பயிற்சியாளர்கள் 'கம்', 'சிட்' என்றே பழக்குவதை நான் முன்பு மேட்டிமை என்று எண்ணியிருந்தேன். எவர் சொன்னாலும் விகுதி மாறாமல் நிற்கும் ஓரசைச் சொல் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

மொழிகளே வேறு என்பதும் நாய்க்கு எட்டுகிறது. மெக்சிகோவிலிருந்து தன் நாயுடன் புடாபெஸ்ட்டுக்குக் குடிபெயர்ந்த லாரா குவாயா, 18 நாய்களுக்கு ஒரே கதையை ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் கேட்கவைத்தார். வீட்டில் பழகிய மொழிக்கும் பழகாததற்கும் மூளை வெவ்வேறு விதமாக இயங்கியது. வயது கூடிய நாய்களில் வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி: பூனைகள் தம் பெயரை அதே நீளமுள்ள பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2019-இல் காட்டினார். அவை பெரும்பாலும் காதையோ தலையையோ மட்டும் அசைத்தன.

சென்ற ஆண்டு மணிக்குத் தெரியாமலிருக்க, 'குளி' என்ற சொல்லை வீட்டில் தடைசெய்து 'ஸ்நானம்' என்று மாற்றினோம். இரண்டே வாரத்தில் ஸ்நானம் என்றாலும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சொல்லைக் கற்றதா, கொடியிலிருந்து பழைய துண்டை உருவும் ஓசையைக் கற்றதா என்று பார்க்க, ஒரு ஞாயிறு துண்டைத் தொடாமல் சொல்லை மட்டும் சொன்னோம். மறு ஞாயிறு வாய் திறக்காமல் துண்டை எடுத்தோம். இரண்டு முறையும் மணியைக் கட்டிலுக்கடியிலிருந்துதான் இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் ஞாயிறு இரண்டையும் செய்யவில்லை. மணி அன்றும் அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிக்க அதற்கு எது உதவியது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.