டிரெய்லர் டயர்: எடையைச் சுமப்பது காற்று

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு பக்கம் எந்தச் சாலையில் போனாலும் நெல் டிரெய்லர்தான். அறுவடை மெஷின் கொட்டும் நெல் களத்துக்குப் போக வேண்டும், களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். பஞ்சர் கடைகளுக்கும் அதுதான் சீசன். டயர் வெடித்தால் முதலில் திட்டு வாங்குவது டயர் கம்பெனி. உண்மைக் காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு, இல்லாவிட்டால் கணக்கில் வராத எடை.

டயரில் ரப்பரும் நைலான் நூலும் சேர்ந்தது ஒரு பைதான். சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது பைக்குள் அடைபட்ட காற்று. ஒரு சக்கரத்தில் 2,000 கிலோ இறங்குகிறது, டயரில் 70 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்று வையுங்கள். 70 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.9 கிலோ. ஆக, 2,000 கிலோவைத் தாங்கத் தரையில் பதிய வேண்டிய பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர்; ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம்கூட இல்லை. அதே டயரில் 45 பி.எஸ்.ஐ.தான் இருந்தால் 630 சதுர சென்டிமீட்டர் பதிந்தாக வேண்டும். அதற்கு டயர் சப்பி, பக்கச் சுவர் பிதுங்க வேண்டும்.

பிதுங்குவதில்தான் வினை. 9.00-16 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. இருபது கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏழாயிரம் மடிப்பு. மடக்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தராது, மிச்சம் சூடாகிவிடும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாததால், அந்தச் சூடு பட்டனுக்கு (தரையில் பதியும் ரப்பர்க் கட்டிக்கு) அடியிலும், பட்டனும் பக்கச் சுவரும் சேரும் தோள் பகுதியிலும் தேங்குகிறது. நூலையும் ரப்பரையும் ஒட்டிவைத்த பிடிப்பு தளர்ந்து, அடுக்குகள் பிரிந்து, வெளியே வீக்கம் தெரியும். பிறகு ஒரு குழி போதும். வெடித்த இடத்தில் ஆணியைத் தேடிப் பயனில்லை. டயர் உள்ளே பல நாள் முன்பே செத்திருக்கும்.

ஓடிய டயரில் அளந்தால் காற்று அதிகமாகக் காட்டும். 30 டிகிரியில் 70 பி.எஸ்.ஐ. இருந்த டயர் உள்ளே 60 டிகிரி ஆனால் 78 வரை போகும். அது கணக்கில் சேர்ந்ததுதான். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் 8 பி.எஸ்.ஐ. குறைவோடு லோடு ஏறும். காற்றை அளக்கும் நேரம் விடியற்காலை, வண்டி நகரும் முன்.

சரி, எடைக்கு வருவோம். டெல்டாவில் ஒரே டிரெய்லர் தையில் நெல் ஏற்றும், வைகாசியில் மணலோ செங்கல்லோ ஏற்றும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி பலகை உள்ள பெட்டியில் நெல் மட்டமாக நிரம்பினால் சுமார் 2 டன். அதே மட்டத்துக்கு மணல் போட்டால் 5 டன்னைத் தாண்டும். தண்ணீர் ஊறி நிற்கும் மணல் என்றால் இன்னும் கூடும். கண்ணுக்கு ஒரே லோடு, டயருக்கு இரண்டரை மடங்கு. மூட்டை லோடு பரவாயில்லை, எண்ணிவிடலாம்: கொள்முதல் மூட்டை 40 கிலோ, 150 மூட்டை 6 டன். வண்டியின் சொந்த எடை 1.8 டன் என்றால் மொத்தம் 7.8 டன், நாலு சக்கரத்துக்குச் சராசரி 1,950 கிலோ.

சராசரியை நம்பி டயர் வாங்கக் கூடாது. பின்பக்கம் கூடுதலாக அடுக்கினாலோ, சாலை இடப்பக்கம் சரிந்திருந்தாலோ ஒரு சக்கரம் 2,300 கிலோ வரை சுமக்க நேரும். அரிசி ஆலை எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை போட்டுப் பார்த்தால் எந்த அச்சில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டே சக்கரம் உள்ள டிப்பர் டிரெய்லரில் லோடு அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் பிடி இழக்கும். அது டயரைவிடப் பெரிய ஆபத்து.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சுவரில் உள்ள சுமை எண். 131 என்றால் 1,950 கிலோ, 136 என்றால் 2,240, 140 என்றால் 2,500. ஒரு சக்கரத்தில் 2,300 கிலோ வரை வரக்கூடிய மேலே சொன்ன வண்டிக்கு இந்த மூன்றில் 140தான் சரி. எண்ணை ஒட்டி ஏ8 என்றிருந்தால் அந்தச் சுமை மணிக்கு 40 கிலோமீட்டர் வரைக்கும்தான் செல்லும். சில டயர்களில் உச்சச் சுமையும் அதற்கான காற்றழுத்தமும் நேராகவே அச்சிட்டிருக்கும். 16 பி.ஆர். என்பதைப் பதினாறு அடுக்கு நூல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பலத்தின் தரக் குறி, உள்ளே அடுக்குகள் குறைவாகவே இருக்கும்.

நைலானா, ரேடியலா? நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் உரசிச் சூடு பிடிக்கும், ஆனால் பக்கச் சுவர் தடிப்பு. வரப்பும் கருங்கல் ஜல்லியும் மிதித்து 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நெல் வண்டிக்கு அதுவே பொருத்தம். கார் ஏற்றிய மூடிய டிரெய்லரை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரில் இழுப்பவர், நூல் குறுக்காகப் போகாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியலுக்குத்தான் போக வேண்டும்.

பழைய லாரி டயரை மாட்டுவது இங்கே சகஜம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உட்புறத்தைப் பார்த்து வாங்கினால். உள்ளே சுற்றிலும் சுருக்கம், உதிர்ந்த ரப்பர் தூள், நூல் தெரியும் கீறல் என ஏதாவது இருந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயர். ரீட்ரெட் (தேய்ந்த மேல்பகுதிக்குப் புது ரப்பர்) போட்டாலும் தேறாது. தேதி நாலு இலக்கத்தில் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். புது டயரோ பழையதோ, மாட்டும்போது ஃபிளாப்பை, அதாவது ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் பட்டையை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபிளாப் கிழிந்திருந்தாலோ அளவு மாறியிருந்தாலோ ரிம்மின் துரு ட்யூபைத் தின்றுவிடும். லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) உள்ள ரிம் என்றால், நட்டில் கை வைக்கும் முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்க வேண்டும். தெறிக்கும் ரிங் ஆளைக் கொல்லும்.

இரண்டு அச்சும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள வண்டி தெருமுனையில் ஒடித்துத் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடும், தோள் பட்டன் பிய்ந்து போகும். கூடுமானவரை அகலமாக வளைத்துத் திருப்புவது ஒன்றே வழி.

பத்து கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி நாலு டயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பெரும்பாலும் அதில் காற்று குறைவு. டயரைவிட ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அதிகம் சுட்டால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

அறுவடை முடிந்து வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போதும் டயர் கெடும். ஓசோனையும் வெயிலையும் தடுக்க ரப்பரில் சேர்த்த மெழுகு, டயர் ஓடி மடங்கும்போதுதான் மேலே நன்றாகக் கசிந்து வரும். நின்றே இருந்தால் பக்கச் சுவர் வெடிப்பு விடும். பெட்டியைக் காலி செய்து, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, டயருக்கு மேல் தார்ப்பாய் போட்டால் போதும். டீசல் சிந்தும் இடத்திலும் மோட்டார் ஓடும் கொட்டகையிலும் நிறுத்த வேண்டாம். டீசல் ரப்பரை ஊறவைக்கும், மோட்டாரின் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும்.