கணினிப் போர்க்களத்தில் தளபதிக்கு மறைக்கப்படுவது என்ன?

சிங்கப்பூரின் பரப்பு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். இதற்குள் சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு பிரிகேடைப் பீரங்கி சகிதம் ஓடவிட்டுப் பழக்க இடமேது? 'வாலபி' பயிற்சிக்காக 1990இலிருந்து நம் படைகள் ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே வரை போய் வருவது அதனால்தான். போக முடியாதபோது கணினிப் பாவனைப் பயிற்சி கைகொடுக்கிறது. திடலில் பிடிக்கச் சிரமமான ஒன்றையும் அது பிடித்துவைக்கிறது: அதிகாரி எதைத் தெரிந்துகொண்டு, எது தெரியாமல் முடிவெடுத்தார் என்பதை.

உள்ளே ஓடுவது இரண்டு வரைபடங்கள். ஒன்றில் ஒவ்வொரு வண்டியும் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது இருக்கும். அது பயிற்சியை நடத்துபவர்களுக்கு. பயிற்சி பெறுபவரின் திரைக்கு அவருடைய வேவுக் குழு சொன்னது மட்டுமே வரும், அதுவும் தாமதமாக, சில சமயம் தப்பாக. காட்சி எவ்வளவு தத்ரூபம் என்பதெல்லாம் என்னைக் கேட்டால் இரண்டாம்பட்சம். பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படை 1824இல் கையிலெடுத்த போர் விளையாட்டில் காகித வரைபடமும் பகடையும்தான். ஆனாலும் முழு நிலவரமும் நடுவருக்கு மட்டுமே தெரியும்.

ரிசர்விஸ்ட் அழைப்பில் (தேசிய சேவை முடித்தவர்களை மீண்டும் பயிற்சிக்குக் கூப்பிடுவது) வந்த ஒரு கம்பெனி கமாண்டர், அதாவது நூறு பேருக்கு மேற்பட்ட படையணியின் தலைவர், திரைமுன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பாலம் காலி' என்கிறது வேவுக் குழு. அடுத்த சில நிமிடங்களில் அதன் ரேடியோ அடங்கிவிடுகிறது. இன்னொரு குழுவை அனுப்பிப் பார்த்தால் இருட்டிவிடும். அவர் கடக்கச் சொல்கிறார். மறுகரையிலிருந்து சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்பதைத் தூரம், கவசம், மறைவு எல்லாம் சேர்த்து நிகழ்தகவுக் கணக்கு தீர்மானிக்கும். அதனால் அதே முடிவு ஒருமுறை வெல்லும், மறுமுறை கவிழும்.

எனவே வெற்றி தோல்வியை வைத்து மதிப்பெண் போட்டால் அதிர்ஷ்டத்துக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். ரேடியோ அடங்கிய நொடியில் நிறுத்தி, "இப்போது உங்கள் கையில் என்ன தகவல் இருந்தது? யாரைக் கேட்டிருக்கலாம்?" என்று கேட்கிறார்கள். 'காலி' என்ற பழைய செய்தியை இன்னும் உண்மையென்றே நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கே உறைக்கும்.

நடத்துபவர்கள் கைவைத்தால் எல்லாம் கெட்டது. அமெரிக்காவின் 2002 'மில்லேனியம் சேலஞ்ச்' பயிற்சியில் எதிரணித் தளபதியாக இருந்த பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிளில் தூதர்களை அனுப்பி, ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் 16 கப்பல்களைக் கணினியில் மூழ்கடித்தார். நடத்தியவர்கள் அந்தக் கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டு, அவர் கையைக் கட்டிப்போட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர் பாதியிலேயே விலகிக்கொண்டார்.